குசினிக்குப் போகும் வழி

தினுஷா உள்ளக வடிவமைப்பு படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவளுடைய அப்பா ஸ்ரனிஸ்லாஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கதிரை மேசைய எங்க போடுறதுன்னு படிக்கிறதுக்கு எதுக்கும்மா யூனிவர்சிட்டி?”

அவர் கம்பளை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர். பஸ் எப்போது வரும், எப்போது புறப்படும் என்பதைத் தவிர மற்ற விஷயங்களில் அவர் அதிகம் கேள்வி கேட்பதில்லை. கேட்டுவிட்டால் பதிலுக்கும் காத்திருப்பதில்லை. அன்றும் அப்படித்தான், தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

தினுஷாவுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குக் கலைப்பிரிவு எடுத்தவள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கத் தேவையான கணிதம் அவளிடம் இல்லை. கண்டியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், முதல் வருடம் எல்லோரும் ஒன்றாகப் படித்து, இரண்டாம் வருடத்தில் உள்ளக வடிவமைப்புப் பக்கமோ கட்டடக்கலைக்கு முந்திய படிப்புப் பக்கமோ பிரிந்து போகலாம் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். எந்தப் பக்கம் போவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கைப்பேசியில் அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அறைகளின் படங்கள். மறைத்து வைத்த விளக்குகள், மரப்பலகை பதித்த சுவர்கள், ஒரு சுருக்கமும் இல்லாத படுக்கை விரிப்புகள். அந்தப் படங்களில் ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அது அவளுக்கு அப்போது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

கம்பளையிலிருந்து கண்டிக்குத் தினமும் பஸ். வரைபடச் சுருள் போட்ட நீளக் குழாயை முதுகில் மாட்டிக்கொண்டு நெரிசலில் ஏறினால், நின்றிருக்கும் யாராவது ஒருவருடைய முகத்தில் அது இடிக்கும். மடியில் வைத்துக்கொண்டு போகும் அட்டை வீட்டு மாதிரிகளை, பக்கத்தில் இருக்கும் பெண்கள் எட்டிப் பார்த்து, “பிள்ளைக்கு ஸ்கூல் வேலையா?” என்று சிங்களத்தில் கேட்பார்கள். அவளும் “ஓவ்” என்று சிரித்துவிடுவாள்.

முதல் வருடத்தின் இரண்டாம் பாதியில் இனோகா மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஒரே ஓர் ஆளுக்காக ஓர் அறையை வடிவமைக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கக்கூடாது. ஒரு வாரம் அந்த ஆளைக் கவனியுங்கள், பேசுங்கள், அதற்குப் பிறகு பென்சிலைத் தொடுங்கள் என்றார்.

வகுப்பில் பலர் ஹோட்டல் முதலாளி, பேக்கரிக்காரர் என்று ஆள் தேடினார்கள். தினுஷா அண்ணியைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அண்ணியின் அறை வீட்டிலேயே இருந்தது. அளவெடுக்க எங்கும் அலைய வேண்டியதில்லை.

அண்ணி நிலூஷா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள், பெரும்பாலும் இரவு வேலை. தினுஷாவின் அண்ணன் எஸ்ரன் காஸ் சிலிண்டர் லொறி ஓட்டுகிறவன். இருவரும் விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் இந்து, இவன் கத்தோலிக்கன். கத்தோலிக்கக் கோயிலில் அனுமதி வாங்கித் திருமணம் நடந்தது. நிலூஷா மதம் மாறவில்லை. அம்மா சூசையம்மா அதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அவர்களுக்குக் கொடுத்தது வீட்டின் பின்னறை. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று ஹோலுக்குத் திறக்கும், மற்றது சமையல் செய்யும் குசினிக்கு. வீட்டைக் கட்டிய காலத்தில் அது சாமான் போடும் அறையாக இருந்தது. ஹோலிலிருந்து குசினிக்கும் அதற்கப்பால் இருந்த கழிப்பறைக்கும் போக வேறு வழி வைக்கவில்லை. அதனால் எஸ்ரனின் கல்யாணத்துக்குப் பிறகும் எல்லோரும் அந்த அறை வழியாகத்தான் போய்வந்தார்கள். கட்டிலைச் சுற்றி ஒரு திரை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு மாலை, நிலூஷா தூங்கி எழுந்து தலை சீவிக்கொண்டிருந்தபோது தினுஷா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி கேட்கத் தொடங்கினாள்.

“அண்ணி, ஒங்களுக்குப் புடிச்ச கலர் என்ன?”

நிலூஷா சிரித்தாள். “எதுக்கு?”

“ஒங்க ரூம நான் டிசைன் பண்ணப் போறேன். படிப்புக்குத்தான். சுவத்துக்கு என்ன கலர் வேணும், லைட் எப்படி வேணும்னு சொல்லுங்க.”

“கலர் எல்லாம் வேணாம் தினு.”

“அப்ப என்ன வேணும்?”

சீப்பில் சிக்கிய முடியை நிலூஷா மெதுவாக எடுத்தாள். “படிப்புக்குன்னு கேக்கறதால சொல்றேன். நான் இந்த வீட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சி. ஒரு நாளும் முழுசா தூங்கல.”

“சத்தமா இருக்கா?”

“மாமி பாவம், பூனை மாதிரித்தான் நடப்பாங்க. ஆனா கட்டில்கிட்ட வந்ததும், ‘நான்தான் புள்ள, நீ தூங்கு’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அதுலதான் நான் முழிச்சிக்கறது.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு தினுஷாவுக்கு ஒன்று உறைத்தது. காலையில் தேநீருக்கு, முகம் கழுவ, மதியம் சாப்பாட்டுக்கு என்று அவளும்தான் அந்தத் திரைக்கருகே போகிறாள், வருகிறாள். வேலை முடிந்து வந்து தூங்குகிற ஒருத்தியைக் கடந்து போகிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவள் ஹோலில் உட்கார்ந்து, வீட்டின் அமைப்பை வரைந்து வைத்துக்கொண்டு, யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கலர் பென்சிலால் கோடு போட்டாள். அம்மாவுக்குச் சிவப்பு, தனக்குப் பச்சை, அண்ணனுக்கு நீலம். பின்னேரம் பார்த்தபோது பின்னறைக்குள் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரு தடித்த பட்டையாகக் கட்டிலை உரசிக்கொண்டு கிடந்தன.

ஸ்டூடியோவில் அவளுக்குப் பக்கத்து மேசை அனீஸாவுடையது. அக்குறணைப் பெண். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன புள்ள, ஒங்கட அண்ணிட கட்டிலுக்குப் பக்கத்தால ரோடு போகுது?”

“ரோடுதான்.”

“அப்ப ரோட்ட மாத்துங்களே. சுவத்துக்கு கலர் பூசி என்ன செய்ய?”

தினுஷா அதுவரை வரைந்திருந்த மறைவிளக்கையும் மரப்பலகைச் சுவரையும் அன்றே ஒதுக்கி வைத்தாள். புதிதாக வரைந்தாள். ஹோலின் பின்சுவரில் ஒரு கதவு திறந்தால் நேரே குசினிக்குப் போகலாம். பின்னறையின் குசினிக் கதவை அடைத்துவிடலாம். ஒரே நாளில் முடிந்த வரைபடம். எவ்வளவு சுலபமான விஷயம், இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை.

விமர்சன நாள் வந்தது. எல்லோருடைய வரைபடங்களையும் சுவரில் குத்தி வைத்து, ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அன்று வெளியிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரும் வந்திருந்தார். நரைத்த தாடி, அமைதியான பேச்சு.

“ஒரு கதவை அடைத்து இன்னொன்றைத் திறந்திருக்கிறீர்கள். இதில் உள்ளக வடிவமைப்பு எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தினுஷாவின் ஆங்கிலம் அந்த இடத்தில் கைவிட்டது. “அவங்களால தூங்க முடியல, சேர்” என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டாள்.

அவர் தலையாட்டினார். பிறகு வரைபடத்துக்குக் கிட்டே வந்தார். “இந்தச் சுவரில் இப்போது என்ன இருக்கிறது?”

“பீடம். இயேசுவின் திருஇருதயப் படம். அம்மா செபம் சொல்லும் இடம்.”

“அம்மாவிடம் கேட்டீர்களா?”

“இல்லை, சேர்.”

“கேளுங்கள்” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாணவனிடம் போய்விட்டார்.

அந்த ஒற்றைச் சொல்லைத் தினுஷா தவறாகப் புரிந்துகொண்டாள். கேட்டால் போதும், அம்மா சம்மதித்துவிடுவாள் என்று நினைத்தாள். அன்றே வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். எஸ்ரன் லொறியோடு வெளியூர் போயிருந்தான். நிலூஷா வேலைக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

“இந்த எடத்துல கதவு வந்தா எல்லாருக்கும் லேசும்மா. பீடத்த அந்த ஓரத்துக்கு மாத்திறலாம்.”

சூசையம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். “பீடத்தையா?”

“கொஞ்சம் தள்ளித்தான்.”

“இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கி ஃபாதர் வந்து மந்திரிச்சி வச்ச படம். அத எதுக்கு எடுக்கணும்?”

அந்த இடத்தில் தினுஷா வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “அண்ணி இங்க வந்து மூணு வருஷமா ஒரு நாளும் தூங்கலையாம். நீங்க போறப்ப எல்லாம் முழிச்சிக்கிறாங்களாம். அவங்களே சொன்னாங்க.”

நிலூஷா கைப்பையின் வாரைப் பிடித்தபடி வாசலில் அப்படியே நின்றாள்.

சூசையம்மாவின் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளை திட்டு வாங்கியதுபோல ஒரு திகைப்புத்தான் வந்தது. “நான் மெதுவாத்தானே போறேன். பயந்துறக் கூடாதுன்னு ‘நான்தான்’னு சொல்லிட்டுத்தானே போறேன்” என்றாள். பிறகுதான் குரல் மாறியது. “என்கிட்ட சொல்ல வாய் இல்ல. இப்ப சாமி படத்தையே எடுக்கச் சொல்ற அளவுக்கு வந்தாச்சி.”

“நான் அப்படிச் சொல்லல மாமி” என்றாள் நிலூஷா. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து அவள் கம்பளைக்கு வரவில்லை. புசல்லாவையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக எஸ்ரனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவன் லொறியை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தான்.

“ஒன் படிப்புக்கு ஊர்ல வேற ஆள் கெடைக்கலையா? என் பொஞ்சாதிதான் கெடச்சாளா?”

ஒரு வாரம் அவள் வகுப்புக்குப் போனாள், வந்தாள், ஒன்றும் வரையவில்லை. வீட்டில் பின்னறை காலியாகக் கிடந்தது. அம்மா அதன் வழியாகப் போகும்போது வழக்கத்தைவிடவும் மெதுவாக நடந்தாள்.

சனிக்கிழமை தினுஷா நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் புசல்லாவையில் இறங்கினாள். நிலூஷாவின் வீடு வீதியிலிருந்து மேலே ஏறிப் போகும், தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் இருந்தது. அவள் போனபோது நிலூஷா தூங்கிக்கொண்டிருந்தாள். நிலூஷாவின் அம்மா வீரம்மா கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்க, டீ குடிங்க. அவ எந்திரிக்கட்டும்” என்றாள். மகள் ஏன் வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் காட்டவில்லை.

தினுஷா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் தொலைக்காட்சி அலறியது. வாசலில் பிள்ளைகள் பந்து அடித்தார்கள். நிலூஷாவின் அப்பா பழனியாண்டி, கூரைத் தகரத்தில் ஏதோ ஓட்டையை அடைக்க மேலே ஏறித் தட்டிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில் பின்பக்க மூலையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நிலூஷா அசையவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்து வந்தாள். தினுஷாவைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை, சிரிக்கவும் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிருங்க அண்ணி.”

“நீ கேட்டப்ப மனசு விட்டுச் சொன்னேன் தினு. அத எடுத்து மாமி முகத்துல எறிஞ்சிட்ட. வகுப்புலயும் சொன்னியா?”

“சொன்னேன்.”

வெளியே பந்து வேலியில் மோதியது. தினுஷாவே மறுபடி பேச்சை எடுத்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கவா? இங்க இம்புட்டு சத்தத்துல தூங்குறீங்க. அங்க எப்படித் தூக்கம் வராம போச்சி?”

“சத்தமா பிரச்சின? சத்தத்துல பொறந்தவ நான். அங்க திரை இருந்தாலும் நான் தூங்கறத எல்லாரும் பாத்துட்டுப் போற மாதிரிதான். உடுப்பு வெலகியிருக்கா, வாய் தொறந்திருக்கா… மாமா அந்தப் பக்கமா வருவாரோ, எப்ப வருவாரோன்னு உள்ளுக்குள்ள ஒரு காது முழிச்சே இருக்கும். இங்க என் மூலைக்கு யாரும் வர மாட்டாங்க. வரணும்னு அவசியமும் இல்ல.”

தினுஷாவின் வரைபடத்தில் அப்பாவின் கோடே இருக்கவில்லை. அப்பா வீட்டில் இருப்பது குறைவு என்று அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

“அப்ப அந்தக் கதவு—”

“அத வுட்டுறு. பீடத்தத் தொடாத.” நிலூஷாவின் குரலில் முதன்முறையாகக் கோபம் இருந்தது. “அது மாமியோட மூலை. எனக்கு ஒரு மூலை வேணும்னு கேக்கறவ, இன்னொருத்தங்க மூலைய புடுங்குவாளா?”

திரும்பி வரும் பஸ்ஸில் தினுஷாவுக்கு இருக்கை கிடைத்தது. வளைவுகளில் உடம்பு சாயச் சாய, வீட்டை அவள் மனதுக்குள் வெளியிலிருந்து சுற்றி வந்தாள். வீட்டுக்கும் பக்கத்து மண்மேட்டின் கல்கட்டுக்கும் இடையில் ஓர் ஒடுங்கிய இடம் இருந்தது. உடைந்த கதிரைகள், பழைய பீப்பாய், பாசி. காஸ் சிலிண்டர் இறக்குவதற்காகக் குசினியிலிருந்து அந்தப் பக்கம் ஒரு கதவும் இருந்தது. கூரை இல்லை, படியும் சரியில்லை என்பதால் யாரும் அந்த வழியில் நடந்ததில்லை.

இம்முறை அவள் வரைபடத்தை விரிக்கவில்லை. அம்மா வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் உரித்தாள். அண்ணியிடம் கேட்டதைப் போலவே அம்மாவிடமும் கேட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவீர்கள்? எங்கே உட்கார்ந்தால் முதுகு வலிக்காது? குசினியில் எது எட்டாது?

சூசையம்மா சந்தேகத்தோடுதான் தொடங்கினாள். போகப் போகப் பேச்சு நிற்கவில்லை. முழங்கால் வலி, ஜன்னல் இல்லாத மூலை, கழுவும் தொட்டியின் உயரம். “இதெல்லாம் என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்லையே” என்றாள் ஒரு கட்டத்தில், உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் தினுஷா பக்கவாட்டு வழியைப் பற்றிச் சொன்னாள். தகரம் போட்டு, படிகளைத் தாழ்வாகக் கட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தால் எல்லோரும் முன்வாசலால் இறங்கி வெளியாலேயே குசினிக்குப் போகலாம். பீடம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

“மழைக்கு என்னய வெளிய தொரத்தப் பாக்குற” என்றாள் அம்மா.

அப்போது ஹோலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இருவருக்கும் தெரியாது.

“அந்த வழியப் போடத்தான் வேணும், சூச. நான் இந்த மூணு வருஷமா முடிஞ்சவரைக்கும் பஸ் ஸ்டேண்ட் டொய்லட்லயேதான் போயிட்டு வாறேன்.”

சூசையம்மா திரும்பிப் பார்த்தாள். “ஏன்?”

“மருமக படுத்திருக்கிற எடத்தால எப்படிப் போறது? எனக்கு வெக்கமா இருக்காதா?”

அவ்வளவு நீளமாக அவர் பேசி தினுஷா கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைத் துப்புரவாக்கத் தொடங்கியவர் அவர்தான். எஸ்ரன் லொறியில் மணலும் கல்லும் கொண்டுவந்து இறக்கினான். தங்கையோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் படியின் உயரத்தை அவளிடம் கேட்டுத்தான் வைத்தான். கம்பியைத் தினுஷா மூன்று இடங்களில் பிடித்துக் காட்டி, அம்மாவை நடக்கவைத்துப் பார்த்து, அம்மாவின் கை தானாகப் போன இடத்தில் பொருத்தினாள்.

நிலூஷா திரும்பி வந்தாள். சூசையம்மா அவளுக்குப் பிடித்த நெத்தலிப் பொரியல் செய்து வைத்தாள். நிலூஷா சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு மாமி” என்றாள். பிறகு பின்னறையின் குசினிக் கதவுக்கு உள்பக்கமாக ஒரு புதிய தாழ்ப்பாளை அவளே திருகி மாட்டினாள்.

மறுநாள் காலை பழக்கத்தில் சூசையம்மா அந்தக் கதவைக் குசினிப் பக்கமிருந்து தள்ளினாள். திறக்கவில்லை. கையில் தேநீர்க் கோப்பையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். தினுஷா அதைப் பார்த்தாள். அம்மாவின் முகம் வாடியிருந்தது, அதை அவளால் மறக்க முடியவில்லை. பிறகு சூசையம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளி வழியாகச் சுற்றி வந்தாள். முதல் பெருமழையில் தகரத்தின் ஒரு பொருத்தில் தண்ணீர் ஒழுகி அவள் தோள் நனைந்தது. ஒரு நாள் முழுக்க அதைப் பற்றிக் குறைப்பட்டாள். எஸ்ரன் தார் பூசி அடைத்தான். மாமியும் மருமகளும் பழையபடி சிரித்துப் பேச இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

வகுப்பில் தினுஷா கடைசியாகக் கொடுத்த வரைபடத்தில் பளபளப்பான படம் ஒன்றும் இல்லை. ஓர் அறை, ஒரு தாழ்ப்பாள், வீட்டைச் சுற்றிப் போகும் ஒரு கூரை. நிலூஷா சொன்ன வாசகங்கள் எதையும் அதில் எழுதவில்லை. அதற்குக் கிடைத்த புள்ளிகள் நடுத்தரமாகத்தான் இருந்தன. இனோகா மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அறைக்கு வெளியேதான் உனக்கு யோசனை ஓடுகிறது. இரண்டாம் வருடம் எந்தப் பக்கம்?”

“நான் உள்ளக வடிவமைப்புக்குத்தான் வந்தேன், மேடம்.”

“தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.”

தினுஷா கட்டடக்கலைக்கு முந்திய படிப்பில் சேர்ந்தாள். அது அவளுக்கு லேசாக இல்லை. அனீஸா உள்ளக வடிவமைப்புக்குப் போய்விட்டதால் ஸ்டூடியோவில் பக்கத்து மேசையில் பேச ஆள் இல்லை. கட்டமைப்புப் பாடத்தில் முதல் தடவை தோற்றாள். பாரம் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்பது படத்தில் புரிந்தது, கணக்கில் வழுக்கியது. இப்போது ஒரு கணித ஆசிரியையிடம் வாரத்தில் இரண்டு நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறாள். அந்தப் பிள்ளைகள் அவளை “அக்கா” என்று கூப்பிட்டு, அவளுக்கு வராத கணக்குகளைச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு.

மறுபடி எழுதிய பரீட்சையின் முடிவு இந்த மாதம் வரவேண்டும். அப்பா இப்போது ஒவ்வொரு மாலையும் தொப்பியைக் கழற்றும்போது, “வந்திச்சா?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிறார்.